பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு கனவு ஸ்பீக்கர்

"பத்துக்குப் பத்து ரூம்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு லட்ச ரூபா ஸ்பீக்கர்?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கேட்பவர்கள் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் நல்ல ஒலி ஈசிஆர் பங்களாக்காரர்களுக்கு உரியது, வடசென்னையின் தண்டையார்பேட்டைக்கு ஒரு சப் வூஃபர் டப்பா போதும் என்கிற எண்ணம் அந்தக் கேள்விக்கு அடியில் கிடக்கிறது. நகரத்தின் தென்பக்கம் ஒரு ஷோரூமில் இதை நேரடியாகவே பார்த்தேன். என்ன மாதிரிப் பாட்டு கேட்பீர்கள் என்று கேட்கவில்லை. எந்த ஏரியா என்று கேட்டார்கள். சொன்னதும் கலர் லைட் எரியும் பார்ட்டி ஸ்பீக்கர்கள் இருக்கும் பக்கம் அழைத்துப் போனார்கள்.

அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் கனவு ஸ்பீக்கர் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. சுமார் 30 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், 16 செ.மீ. ஆழம். ஒரு கையால் தூக்கிவிடலாம். இசைப் பைத்தியங்கள் ஐம்பது வருடமாகத் தேடித் தேடி வாங்கும் இந்த ஸ்பீக்கர் பிறந்தது எந்த மாளிகைக்காகவும் இல்லை, ஒரு வேனுக்காக.

வெளியிடங்களுக்குப் போய்க் கச்சேரிகளையும் நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பும் பிபிசி வேன்களுக்குள் ஒலியைச் சரிபார்க்கும் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்போனை மட்டும் நம்பவும் முடியாது. அதே சமயத்தில் அவர்களுடைய ஆராய்ச்சிப் பிரிவு, ஸ்டூடியோக்களை எட்டில் ஒரு பங்கு அளவுக்கு மாதிரியாகக் கட்டி ஒலியைச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சோதனைக்காகச் செய்த குட்டி ஸ்பீக்கரிலிருந்து 1970களில் இது வளர்ந்தது. உள்ளே கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர் (கீழ் ஒலிக்கு), டி27 ட்வீட்டர் (மேல் ஒலிக்கு). பெட்டி 12 மி.மீ. பர்ச் பிளைவுட். கனமான பெட்டிதான் நல்ல பெட்டி என்று நம் தச்சர்களும் சொல்வார்கள், பல பெரிய கம்பெனிகளும் சொல்லும். பிபிசி அதற்கு மாறான வழியில் போனது. மெல்லிய சுவர் வைத்து, உள்பக்கம் தார் கலந்த ஷீட் ஒட்டி, பெட்டியின் அதிர்வைச் சீக்கிரம் அடங்க வைத்தார்கள். உள்மூலையில் ஒட்டும் சின்னச் சட்டத்துக்குக்கூட பீச் மரம்தான் என்று விதித்தார்கள், வேறு மரம் போட்டால் ஒலி மாறுகிறது என்பதால். அந்த அளவுக்கு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீட்டர் காட்டும் அளவோடு நிற்கவில்லை. பழகிய மனிதர் ஒருவர் நேரில் பேசுவதையும், அதே பேச்சு ஸ்பீக்கர் வழியே வருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனிதக் குரல் சரியாக வந்தால் மற்றதும் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைப் படித்தபோது நம் பக்கத்துக் காதுகள்தான் ஞாபகம் வந்தன. மைக் இல்லாமல் கானா பாடும் குரலை நாலு அடி தூரத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டோலக்கும் கஞ்சிராவும் சட்டியும் தோல் அதிர, மண் அதிர எப்படி இருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த சவுண்ட் சர்வீஸ்காரர் செட் போட்டிருக்கிறார் என்று தெருமுனையில் நின்றே சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. ஒலியை எடைபோட நேரடி இசையைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. அது வடசென்னையில் தாராளமாக இருக்கிறது.

அறைக்கு வருவோம். பத்தடி என்றால் 3.05 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதல் ஒத்ததிர்வு எழும், அதாவது அந்த ஒலி மட்டும் அறையில் பெருகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே ஹெர்ட்ஸில் சேர்ந்து ஊதும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் உயரமும் பத்தடி என்றால் மூன்றும் சேரும். பேஸ் கிடாரின் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு நோட் வரும்போதெல்லாம் மற்ற நோட்டுகளை அமுக்கிக்கொண்டு "பூம்" என்று வீங்கும். ஆளுயர டவர் ஸ்பீக்கரை இந்த அறையில் வைத்தால் பணத்தைக் கொட்டி வாங்கிய ஆழமான பேஸ் முழுக்க இந்த வீக்கத்துக்குத்தான் தீனி.

எல்எஸ்3/5ஏ முழுக்க மூடிய பெட்டி, பேஸைக் கூட்டும் போர்ட் ஓட்டை கிடையாது. ஓட்டை வைத்த பெட்டியில் ஒரு கட்டத்துக்குக் கீழே பேஸ் சடாரென்று விழும். மூடிய பெட்டியில் மெதுவாகச் சரியும், பின்சுவரும் சின்ன அறையும் அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரிலேயே நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும் என்று ஹாஃப்மன் என்பவர் சொன்ன விதி ஒன்று உண்டு. இந்த ஸ்பீக்கர் சின்னப் பெட்டிக்காக மற்ற இரண்டிலுமே விட்டுக்கொடுத்தது. ஒரு வாட்டுக்கு 82, 83 டெசிபல்தான். ஆறடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு அது தாராளம். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றாக இருக்கும்போது அதற்கு மேல் வைக்கவும் கூடாது, அவர்களும் காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

பெரம்பூரில் நண்பர் ஒருவர் வீட்டில் பழைய ஜோடி ஒன்றைக் கேட்டேன். கட்டில், பீரோ, துணி மடிக்கும் இடம் எல்லாம் உள்ள சாதாரண அறை. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கும்கி என்னும் வளைந்த ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும்போது அந்த வளைவு முழுதாகக் காதில் விழுந்தது. ஆழமான பேஸ் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் இடம், உதடு பிரியும் இடம், அவருக்கும் வயலினுக்கும் நடுவே இருக்கும் தூரம் எல்லாம் தெரிந்தது. ஸ்பீக்கர் இருக்கும் இடத்திலிருந்து சத்தம் வருவதாகவே தோன்றவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

மற்ற பெரிய பெயர்கள் மீதும் எனக்கு மரியாதை உண்டு. பால் கிளிப்ஷ் 1946இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் ஒரே வாட்டில் வீட்டை நிரப்பும், ஆனால் அதற்கு அறையின் இரண்டு மூலைகள் காலியாக வேண்டும். நம் வீட்டில் ஒரு மூலையில் பீரோ, இன்னொன்றில் ஃபிரிட்ஜ். பி அண்ட் டபிள்யூ கம்பெனியின் நாட்டிலஸ் நத்தைக்கூடு போலச் சுருண்ட அழகு, ஒரு ஜோடிக்கு எட்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) கேட்கும். பீட்டர் வாக்கரின் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக், 1957இல் வந்தது, குரலுக்கு அதை மிஞ்சுவது கஷ்டம் என்பார்கள். மெல்லிய படலத்தை ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் ஆட வைக்கும் கருவி அது. ஈரமும் தூசியும் அதற்கு ஆகாது. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் பித்தளை டெர்மினலே பச்சை பூக்கிறது. குவாட்டை இங்கே வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றிய ஓரத்தில் ஃபோம் இருந்தால் அதுவும் இந்த ஈரத்தில் சில வருடங்களில் பொடிப்பொடியாகும். பி110இன் ஓரம் ரப்பர் வகை, அதனால் தாங்கும்.

கல்யாண வீட்டுக்கு, திருவிழாவுக்கு, தெருவே ஆட வேண்டிய இரவுக்கு இது உதவாது. 25, 30 வாட் தாங்கும் ஸ்பீக்கரில் அதைச் செய்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) எரிந்துபோகும். அந்த வேலைக்கு சவுண்ட் சர்வீஸ் பாக்ஸ்தான் சரி, அதைக் கட்டுகிறவர்களின் கைத்திறமையும் குறைந்ததில்லை.

விலை? லைசென்ஸ் பெற்ற சில கம்பெனிகள் இன்றும் செய்கின்றன. இறக்குமதி வரியோடு சேர்த்தால் லட்சங்களில் நிற்கிறது. ஒரு பைக்கின் விலைக்கு மேல் என்பது எனக்கும் தெரியும். பைக் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை. இருபது வருடம் தினமும் ராத்திரி கேட்கப்போகும் பொருளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்ப்பது எனக்கு வீணாகத் தெரியவில்லை, சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதைவிடப் 15 ஓம் மின்தடை கொண்ட பழைய ஜோடிமேல்தான் கண். வடசென்னைப் பக்கம் யாரிடமாவது இருந்து கைமாற்ற நினைத்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஜோடியாக வந்தவையா என்று சீரியல் எண்ணைப் பார்க்க வேண்டும், வூஃபரின் ரப்பர் ஓரம் இறுகியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஆம்ப் நானே கொண்டுவருகிறேன், உங்கள் வீட்டிலேயே ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு விலை பேசலாம்.