கையெழுத்துக்கு வந்த ரசிகர்கள்

கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இலவசமாகக் கச்சேரி, சினிமா, ஓவியக் கண்காட்சி. இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன், ஒரு புண்ணியவான் இதற்கெல்லாம் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் உண்டு என்று அறிவிக்கும் வரை.

நேற்று வயலின் கச்சேரி. வாசலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததுமே பாதிப் பேருக்கு வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் உடனே போகமாட்டார்கள். வாசிப்பவர் வில்லை மெல்ல இழுத்து, மூச்சுச் சத்தம் அளவுக்கு நாதத்தைக் குறைப்பார் பாருங்கள், அப்போதுதான் எழுந்திருப்பார்கள். மடக்கு நாற்காலி 'டொப்'. இரண்டு நொடி கழித்துப் பக்கத்து நாற்காலி 'டொப்'. தாளத்துக்குத் தனியாக ஆள் வைத்த மாதிரி!

சினிமா இன்னும் மோசம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழகவே 20, 30 நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க முன்வரிசையில் ஒரே ஒரு ஃபோன் போதும். "வெளிச்சத்தைக் குறைப்பா" என்றால், "மணி பார்த்தேன் அண்ணா" என்கிறான். 11 தடவை மணி பார்த்தான். எண்ணினேன், படத்தை எங்கே பார்த்தேன்?

கண்காட்சியில், நீர்வண்ண ஓவியம் வெளுக்கக்கூடாதென்று 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு விளக்கை மங்கலாக வைப்பார்கள். அதற்கு முதுகைக் காட்டி, ஃபிளாஷ் போட்டு செல்ஃபி.

இன்று மாலை குறும்படமாம். கடைசி வரிசை ஓரத்தில் உட்காரலாம் என்றிருக்கிறேன். கதவும் அங்கேதான் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.