ரூல்ல இடம் இருந்தா போதுமா?

நேத்து நம்ம குரூப்ல வந்த அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீங்க, தேங்க்ஸ்கிவிங் வாரத்துக்கு ஃப்ளோரிடா டிஸ்னில இருக்கற ஜாம்போ ஹவுஸ் ரிசார்ட்ல வேல்யூ ரூம், அதாவது பாயிண்ட் கம்மியான ரூம், பிடிச்ச கதை, ஸ்கிரீன்ஷாட்டோட. அதுக்குக் கீழ இது நியாயமான்னு நான் போட்ட ஒரே ஒரு கமெண்ட்டையும் அதுக்குப் பதிவு போட்டவர் எழுதின பதிலையும் பார்த்திருப்பீங்க. "விவரம் இருந்தா கிடைக்கும், இல்லைன்னா புலம்பிட்டே இருக்க வேண்டியதுதான்." அதுக்குச் சிரிப்பு போட்டவங்கள்ல பாதிப் பேர் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவங்க. அங்கேயே பதில் எழுதியிருப்பேன், கை நடுங்குச்சு, விட்டுட்டேன். இப்ப நிதானமா எழுதறேன். பேர் சொல்ல மாட்டேன், சொல்லாமலே தெரியும்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். தங்கப் போறதே இல்லைன்னு நமக்கே தெரிஞ்ச ராத்திரிகளைப் புக் பண்ணி வெச்சுக்கிட்டு, அதைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், சரியான நாளுக்குக் காத்திருந்தவங்களுக்கு முன்னாடி ரூமை எடுத்துக்கறது நியாயம் இல்லை. ரூல் தடுக்கலை, ஒத்துக்கறேன். தடுக்கலைங்கறதுக்காக அது நியாயம் ஆயிடாது.

டிஸ்னி வெக்கேஷன் கிளப்ல இல்லாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன், இல்லைன்னா ரூம் கிடைக்காததுக்கு ஒரு பதிவான்னு கேப்பீங்க. 1991-ல ஆரம்பிச்ச டைம்ஷேர் இது. நம்ம வாங்கறது ஒரு ரிசார்ட்ல சின்னப் பங்கு, ஃப்ளோரிடால இருக்கற ஆரஞ்ச் கவுண்டில பத்திரமே பதிவாகும், எங்களோட அனிமல் கிங்டம் பத்திரம் 2057 வரைக்கும் இருக்கு, ஜாம்போ ஹவுஸ் அதுல சேர்ந்ததுதான். வருஷா வருஷம் பாயிண்ட் வரும், அதைக் கொடுத்துத்தான் ரூம் எடுக்கணும், வருஷா வருஷம் மெயின்டனன்ஸும் கட்டணும். நம்ம ஹோம் ரிசார்ட்னா, அதாவது நாம பங்கு வாங்கின ரிசார்ட்னா, 11 மாசம் முன்னாடி புக் பண்ணலாம், மத்த ரிசார்ட்னா 7 மாசம் முன்னாடிதான். இந்த நாலு மாச முன்னுரிமைக்காகத்தான் எங்க தங்க ஆசையோ அங்கயே வாங்குங்கன்னு எல்லாரும் சொல்றது. நாங்களும் அதுக்காகத்தான் அங்க வாங்கினோம்.

புக்கிங்கை இப்படித் தள்ளித் தள்ளிக் கொண்டுபோறதுக்கு 'வாக்கிங்'னு பேரு, அது எப்படி நடக்குதுன்னு பாருங்க. எனக்கு 2026 நவம்பர் 21 செக்-இன் வேணும். எனக்குக் கதவு திறக்கறது 11 மாசம் முன்னாடி, 2025 டிசம்பர் 21, ஈஸ்டர்ன் டைம் காலைல 8 மணி, எங்க டெக்சஸ்ல 7. ஆனா செக்-இன் நாள்லருந்து ஏழு ராத்திரி வரைக்கும் ஒரே புக்கிங்ல எடுக்கலாம்னு ரூல் இருக்கு. அதனால ஒருத்தர் டிசம்பர் 15-ஆம் தேதியே நவம்பர் 15 செக்-இன்னு ஏழு ராத்திரி எடுக்கறாரு, அதுல 21-ஆம் தேதி ராத்திரியும் வந்துடுது. மறுநாள் 15-ஐ விட்டுட்டு 22-ஐச் சேர்க்கறாரு. அதுக்கு மறுநாள் 16-ஐ விட்டுட்டு 23. இப்படியே வந்து, நான் 21-ஆம் தேதி காலைல லாகின் பண்ணும்போது அந்த ரூம் ஏற்கனவே போயிருக்கு. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கறவர்கூட தான் உக்காரப் போற சீட்லதான் துண்டு போடுவாரு, இங்க முன் சீட்லருந்து ஒவ்வொரு சீட்டா துண்டு நகர்ந்து வருது. வேல்யூ ரூம் ஜாம்போல இருக்கறதே கொஞ்சம், பாயிண்ட் கம்மிங்கறதால எல்லாரும் கண்ணு வைக்கறதும் அதுலதான், அதனால பத்துப் பேர் இப்படிப் பண்ணினாப் போதும், மத்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

இந்த ஏழு ராத்திரி வசதி எதுக்கு வந்துச்சுன்னும் சொல்லணும். 2008 வரைக்கும் செக்-அவுட் தேதியை வெச்சுத்தான் 11 மாசம்னு கணக்கு. அப்ப டைட்டான வாரங்கள்ல ரூம் வேணும்னா நாளுக்கு ஒரு ராத்திரியா தினமும் ஃபோன் போட்டுச் சேர்க்கணும். அந்த அவஸ்தை இல்லாம ஒரே தடவைல வாரத்தை எடுத்துக்கட்டும்னுதான் செக்-இன் தேதிக்கு மாத்தினாங்க. எல்லாருக்கும் சுலபமாகணும்னு கொடுத்த வசதி அது. அதை எடுத்துத்தான் அடுத்தவங்க முறையைத் தட்டிப் பறிக்க இவங்க உபயோகப்படுத்தறாங்க, அதுக்கு 'ஸ்ட்ராட்டஜி'ன்னு பேரு, அதுக்கு வாழ்த்துக்கள் வேற.

"பொறாமை"ன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. இல்லைங்க. அதே ரூமை அதே 21-ஆம் தேதி காலைல எனக்கு முன்னாடி யாராவது ரெண்டு செகண்ட் வேகமா கிளிக் பண்ணி எடுத்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது போட்டி, ஒரே நேரத்துல ஒரே வாசல்ல நிக்கறோம்.

"விட்ட ராத்திரியெல்லாம் திரும்ப சிஸ்டத்துக்குத்தானே வருது, யாருக்கு என்ன நஷ்டம்"னு ஒரு அண்ணா கேட்டிருந்தாரு, மரியாதையாத்தான் கேட்டாரு, அதனால பதில் சொல்றேன். வருதுங்கண்ணா. எப்ப வருது? நவம்பர் 15 வேணும்னு இருந்தவங்க டிசம்பர் 15 காலைல பார்த்து, இல்லைன்னு தெரிஞ்சு, மனசு ஒடிஞ்சு, வேற ரூமுக்கோ வேற வாரத்துக்கோ போனதுக்கு அப்புறம் வருது. அதுவும் ஒரு ராத்திரி ஒரு ராத்திரியா உதிரியா வருது. அதைப் பொறுக்கணும்னா நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். யாருக்கும் நஷ்டமில்லைன்னு சொல்றது சரியில்லைங்கண்ணா, நஷ்டப்பட்டவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"எல்லாரும் பண்றாங்க." அதுக்கு நான் என்ன சொல்றது. எல்லாரும் பண்ணலை.

"நீங்களும் பண்ணுங்க, யார் வேண்டாம்னா?" இதுதான் என்னை ரொம்பவே உறுத்துது. சரி, நானும் பண்றேன்னே வெச்சுக்குவோம். நான் ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா அடுத்தவர் ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிப்பாரு, இன்னொருத்தர் அக்டோபர்லயே ஆரம்பிப்பாரு. இப்பவே அப்படி ஆரம்பிக்கறவங்க இருக்காங்க, கேட்டுப் பாருங்க. அப்புறம் 11 மாசம்னு ஒரு ரூல் எதுக்கு? யாருக்கு வாரக்கணக்கா தவறாம உள்ள போய் தேதி மாத்த நேரம் இருக்கோ அவங்களுக்கே ரூம்னு எழுதி வெச்சுடலாமே. நான் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். காலைல அந்த நேரத்துக்கு ஃபோனை பைக்குள்ள போட்டுட்டு கார் லைன்ல நின்னு குழந்தைகளை இறக்கி விட்டுக்கிட்டு இருப்பேன். எங்க டிஸ்ட்ரிக்ட்ல தேங்க்ஸ்கிவிங் வாரம் முழுசா லீவு, கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி எனக்கு ஒரு வாரம் சேர்ந்தாப்புல கிடைக்கறது அதுதான். வீட்லருந்து வேலை பாக்கறவங்களுக்கு, தேதியை எப்படி வேணும்னாலும் மாத்திக்க முடியறவங்களுக்கு வருஷம் பூரா வாரம் இருக்கு. மாத்தவே முடியாத ஒரு வாரத்துக்காக ஒருத்தி ஒழுங்கா ரூல்படி காத்திருந்தா, அவளைப் பார்த்து விவரம் பத்தலைன்னு சொல்றீங்க. நர்ஸ் வேலைல இருக்கறவங்க இந்தக் குரூப்ல எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க, அவங்களுக்கும் இதே கதிதான்.

எனக்கு ஏன் இந்த ரூம் இவ்வளவு முக்கியம்னு அந்தப் பதிவுல யாரும் கேக்கலை, நானே சொல்றேன். 2026 செப்டம்பர்ல அம்மா அப்பா வர்றாங்க, பொங்கலுக்கு முன்னாடி திரும்பிடுவாங்க. அப்பாவுக்கு 75. காங்கேயம் பக்கம் எங்க ஊரு, வாழ்க்கை முழுக்க மாட்டோடதான் இருந்தாரு. ஒரு தடவை வீடியோ கால்ல ஜாம்போ ஹவுஸ் பின்னாடி சவானால, அதான் அந்தப் புல்வெளில, மேயற அங்கோலே மாட்டைக் காட்டினேன், ஆப்பிரிக்க மாடு, கொம்பு அம்மாடியோவ்னு இருக்கும். ஃபோனை மூக்குக்கிட்ட கொண்டுபோய் வெச்சுக்கிட்டு, "இத்தாம் பெரிய கொம்போட ரெண்டை எப்படி ஜோடி கட்டுவாங்க, ஒண்ணையொண்ணு குத்திக்காது?"ன்னு கேட்டாரு. அப்புறம் எப்ப ஃபோன் பண்ணினாலும் அந்த மாட்டைப் பத்தி ஒரு கேள்வி. கன்னு எவ்வளவு பெருசா இருக்கும், பால் கறப்பாங்களா, என்ன தீவனம். அவரைக் கொண்டுபோய் அங்க உக்கார வைக்கணும்னு எனக்கு இருக்காதா?

ஸ்டூடியோ எடுத்துக்கோன்னு சொல்லாதீங்க. அதுல மைக்ரோவேவ் மட்டும்தான், அடுப்பு கிடையாது. அப்பா வெளிச் சாப்பாட்டை ரெண்டு வேளைக்கு மேல தாங்க மாட்டாரு, ரசமும் சாதமும் வைக்கணும்னா ஒன் பெட்ரூம் வேணும். சவானா வியூ ஒன் பெட்ரூமுக்கு, அதுவும் அந்த வாரத்துக்கு, எங்க பாயிண்ட் எட்டாது, அடுத்த வருஷத்துப் பாயிண்ட்டை இப்பவே கடனா எடுத்தாக்கூட வேல்யூ ரூமுக்குத்தான் சரியா வரும். ஜன்னலைத் திறந்தா பார்க்கிங் தெரிஞ்சாலும் பரவாயில்லை, லாபியைத் தாண்டி நடந்தா அருஷா ராக்னு புல்வெளியைப் பார்க்கற இடம் இருக்கு, அங்க பெஞ்சுல உக்காந்து மாட்டைப் பார்த்துக்கலாம். இவ்வளவையும் யோசிச்சு, கணக்குப் போட்டு, அந்தக் காலைல காபிகூட குடிக்காம லேப்டாப் முன்னாடி உக்காந்தேன். 7 மணி ஆன உடனே பார்த்தேன். காலண்டர்ல 21-ல கோடு, ரூம் இல்லைன்னு அர்த்தம். 22-ல கோடு. மொத்தமாவே கோடு.

அன்னிக்குக்கூட எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. வெயிட்லிஸ்ட் போட்டுட்டு சமையலைப் பார்க்கப் போயிட்டேன். நேத்து அந்தப் பதிவுல கமெண்ட்டுக்கு நடுவுல பதிவு போட்டவரே எழுதின ஒரு வரி இருந்துச்சு பாருங்க, "ரெண்டு ரூம் கையில இருக்கு, ஒண்ணு தேவைப்படாது, யாருக்காவது வாடகைக்கு வேணும்னா இன்பாக்ஸ் வாங்க." அதைப் படிச்சதும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. தேவைப்படாத ரூம். நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து வெச்சிருக்கற தேவைப்படாத ரூம். எப்பவோ ஒரு வருஷம் போக முடியலைன்னா பாயிண்ட்டை வாடகைக்கு விடறது தப்பில்லை, கான்ட்ராக்ட்டே அனுமதிக்குது, நாங்களும் விட்டிருக்கோம். ஆனா வியாபாரமா பண்ணக் கூடாதுன்னும் அதே கான்ட்ராக்ட்ல இருக்கு. லாபத்துக்கு விக்கணும்னே கிராக்கியான வாரத்தைப் பார்த்து வளைச்சுப் போட்டா அது வேற என்ன? அவரோட காசு, அவரோட பாயிண்ட்னு வக்காலத்து வாங்கறவங்களுக்குச் சொல்றேன், நாங்களும் ஓசில வாங்கலை.

இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தப் பதிவைப் போட்டவர் ஆர்லண்டோ போன இடத்துல, இந்தக் கிளப்போட சேல்ஸ் மீட்டிங்ல உக்காந்து கையெழுத்தும் போட்டுட்டு, ராத்திரி பயந்துபோய் யாருக்கு ஃபோன் பண்ணினாரு? எனக்குத்தான். "பதறாதீங்கண்ணா, ஃப்ளோரிடா சட்டத்துல பத்து நாள் டைம் இருக்கு, வேண்டாம்னா எழுதிக் கொடுத்து கேன்சல் பண்ணிடலாம், நிதானமா முடிவு பண்ணுங்க"ன்னு சொன்னது நான். 11 மாசம்னா என்ன, 7 மாசம்னா என்ன, பாயிண்ட்டை அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து வைக்கறது எப்படின்னு எங்க டைனிங் டேபிள்ல பேப்பர்ல எழுதிக் காட்டினது நான். அவங்க வீட்டம்மாவும் பக்கத்துல இருந்தாங்க. அந்த மனுஷன்தான் எனக்கு விவரம் பத்தலைன்னு ஊரறிய எழுதறாரு, எங்க வீட்டு உப்பைத் தின்னவங்க அதுக்குச் சிரிக்கறாங்க. ரூம் கிடைக்காததைவிட அதுதான் எனக்குத் தாங்கலை. தமிழ் ஆளுங்க நாம ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருப்போம்னுதானே குரூப்பே ஆரம்பிச்சோம்?

வழி இல்லாம இல்லை. புக் பண்ணின ரூமோட முதல் ராத்திரியை விட்டுட்டு கடைசில ஒரு ராத்திரியைச் சேர்த்தா அதைப் புது புக்கிங்காத்தான் எடுத்துப்போம், பழைய இடம் போயிடும்னு ஒரு மாத்தம் கொண்டுவந்தாப் போதும், பாதி வாக்கிங் அன்னிக்கே நின்னுடும். நிஜமாவே லீவு மாறினவங்களுக்கு அதனால கொஞ்சம் கஷ்டம் வரும், அதுக்கு ஏதாவது விதிவிலக்கு யோசிக்கலாம். கிளப்போட மெம்பர் சர்வீசஸுக்கு நான் எழுதப் போறேன். எழுத இஷ்டம் இருக்கறவங்க நீங்களும் எழுதுங்க. ரூல் மாறும்போது மாறட்டும். அதுவரைக்கும் இது தப்புன்னு தெரிஞ்சு பண்ணாம இருக்கறதுக்கு யாரோட பர்மிஷனும் நமக்குத் தேவையில்லை.

கீழ வந்து எனக்கு டிப்ஸ் சொல்லாதீங்க, எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியும். பதிவு போட்ட அண்ணா, நீங்க இதைப் படிப்பீங்கன்னும் எனக்குத் தெரியும். எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், அந்த ரூமை எனக்குக் கொடுங்கன்னும் கேக்கலை. தேவைப்படாதுன்னு நீங்களே எழுதின அந்த ரெண்டாவது ரூமை இந்த வாரத்துக்குள்ள கேன்சல் பண்ணுங்க. வெயிட்லிஸ்ட்ல யார் முதல்ல நிக்கறாங்களோ அவங்களுக்குப் போகட்டும்.