கன்று எப்போது வரவேண்டும் என்று யார் முடிவெடுப்பது?

வட மாகாணத்து வீட்டுத்தோட்டக்காரர்களுக்கென்று மாகாண மட்டத்தில் ஒரு கூட்டமைப்பு வேண்டும், அதை நடத்த ஒழுங்கான ஒரு நிர்வாக சபை வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் வரும் முதல் கேள்வி, "இருக்கிற சங்கங்கள் காணாதோ?" என்பதுதான். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று வன்னியில் ஊருக்கு ஊர் சங்கம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் காணாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு ஒட்டு மாங்கன்றுகள் வந்தன. வீட்டுக்கு மூன்று. நல்ல இனம், கறுத்தக்கொழும்பான். வந்தது வைகாசிக் கடைசியில். இங்கே வளவு வைத்திருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இனி ஒழுங்கான மழை ஐப்பசியில்தான். இடையில் சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, அடிக்கும். ஆடி கழிந்தால் பல கிணறுகளில் வாளி அடியைத் தட்டும். பக்கத்து வளவு அக்கா அரிசி கழுவின தண்ணி, முகம் கழுவின தண்ணி எல்லாம் சேர்த்து ஊற்றிப் பார்த்தா. இரண்டு கன்று கருகிவிட்டது. மூன்றாவது தப்பிவிட்டது என்றுதான் நினைத்தோம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுக்கு மேலே சுள்ளியாகக் காய்ந்திருக்கிறது, துளிர் வந்திருப்பது ஒட்டுக்குக் கீழே, அடிக்கட்டையில். அது மரமாகி நின்றாலும் கறுத்தக்கொழும்பான் காய்க்கப் போவதில்லை. கருகின கன்றைப் பிடுங்கினபோது வேர், பொலித்தீன் பை இருந்த வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. வெளிமண்ணுக்குள் ஒரு வேர்கூட இறங்கவில்லை.

கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர்களின் திட்டம் ஜூனில் முடிகிறது, அதற்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் வாங்கின எங்களில் எத்தனை பேருக்கு இது தப்பாது என்று தெரியும்? எல்லாருக்கும் தெரியும். சங்கத் தலைவிக்கும் தெரியும். "இப்ப வேண்டாம், ஐப்பசியில கொண்டு வாங்கோ எண்டு சொன்னா அடுத்த ஊருக்குக் குடுத்திடுவினம்" என்று அவ சொன்னது முழுக்க உண்மை. தனித்து நிற்கும் ஓர் ஊர்ச் சங்கத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஐந்து மாவட்டத்துச் சங்கங்களுக்கும் சேர்த்துப் பேசுகிற ஒரு சபையால் சொல்ல முடியும். மாரிக்கு முன் கன்று இறக்க மாட்டோம் என்று அந்தச் சபை ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், கொடுப்பவர் எந்த ஊருக்குப் போனாலும் அதே பதில்தான் கிடைக்கும். நிர்வாக சபையின் முதல் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

நெல்லுக்கு இது எங்களிடம் இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்வதற்கு முன் கூட்டம் வைப்பார்கள். கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகமும் உட்கார்ந்து, எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்கு முன் விதைப்பு முடிய வேண்டும், மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று பேசி முடிவெடுப்பார்கள். சண்டையும் வரும். ஆனால் முடிவு எழுத்தில் இருக்கும். வீட்டு வளவில் நிற்கும் முருங்கைக்கும் கத்தரிக்கும் பயற்றைக்கும் அப்படி ஒரு மேசை கிடையாது. அது பெண்கள் மிச்ச நேரத்தில் செய்கிற வேலை என்று நினைப்பதால்தான் கிடையாது என்பது என் அபிப்பிராயம். 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் எத்தனை, முதல் போகம் அறுக்கும் முன் வளவுக் கீரையிலும் பூசணியிலும் நாளை ஓட்டின என்பதை இங்கே எல்லாரும் அறிவோம். அந்த வேலையை மிச்ச நேர வேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

2022 ஜூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது நினைவிருக்கும். தென்மேற்கில் அது மழைக்காலம். எங்களுக்கு நடுக் கோடை. நாட்டுக்கு ஒரே நாட்காட்டி வைத்துத் தோட்டம் செய்ய முடியாது என்று அன்று எழுத்தில் கொடுக்க வடக்குத் தோட்டக்காரர்களின் பெயரில் ஓர் அமைப்பு இருக்கவில்லை.

அமெரிக்காவின் மாநிலத் தோட்டக் கழகங்களைப் பற்றி வாசித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது அவற்றின் மலர்க் கண்காட்சிகள் அல்ல, நிர்வாக ஒழுங்குதான். ஜோர்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1891இல் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கிய கழகத்தைத்தான் அங்கே முதலாவது என்கிறார்கள். பிறகு ஊர்க் கழகங்கள் மாநிலக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்தன, 1929இல் அவை தேசிய அமைப்பாக இணைந்தன. மாநில சபையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மட்டும் இல்லை. பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், வேலைக்கு ஒரு குழு என்று ஆள் உட்கார்கிறது. பல மாநிலங்களில் பதவி இரண்டு வருடம்தான். 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, நியூ ஜேர்சி மாநிலக் கழகங்களின் சபை, படையில் இருந்தவர்களை நினைத்து ஒரு நெடுஞ்சாலையின் ஐந்தரை மைல் நீளத்துக்கு ஏறத்தாழ 8000 டொக்வுட் என்ற பூமரங்கள் வைத்தது. அடுத்த வருடம் தேசிய அமைப்பு அதையே நாடு முழுவதற்குமான திட்டமாக எடுத்துக்கொண்டது. ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து, அங்கே செய்து காட்டிவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போயிருக்கிறார்கள். நவம்பரை மரநடுகை மாதம் என்று எங்கள் மாகாண சபை அறிவித்தது நல்ல அறிவிப்பு, காலமும் சரியான காலம். ஆனால் மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. வைத்த கன்றுக்கு மாசி பங்குனியில் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதைத் தேர்தலோடு வந்து போகிறவர்களிடம் விட முடியாது.

அடுத்தது விதை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது, அதைத் தொடர்ந்து நாட்டில் டொலர் இல்லாமல் போனது. கடையில் விதைப் பக்கற்றின் விலையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் கை கொடுத்தது ஊர்க் கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவிட்டுப் போத்தலில் வைத்திருந்த அம்மாமார்தான். கலப்பின விதையை எடுத்து மறுபடி போட்டால் அதே காய் வராது, ஊர் விதைதான் கைகொடுக்கும். எந்த ஊரில் யாரிடம் என்ன விதை இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பதும், மாரிக்கு முன் அதை ஊருக்கு ஊர் மாற்றிக் கொடுப்பதும் சபை செய்யக்கூடிய வேலை. இதற்குப் பெரிய காசு தேவையில்லை. பஸ் கட்டணமும் பொறுமையும் போதும்.

சரி, சபையில் யார் இருப்பது? இங்கேதான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கன்றுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றுகிறவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் ஆலோசகர்களாக வரட்டும், அவர்களின் அறிவு தேவை. ஆனால் வாக்கு தோட்டக்காரருக்கு. கூட்டத்தை எப்போதும் யாழ்ப்பாணத்தில் வைத்தால் ஒட்டுசுட்டானில் இருந்து வருகிற ஒரு தாய் பின்னேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரமுன் வீடு திரும்ப முடியாது. இரண்டாவது கூட்டத்துக்கு அவ வரமாட்டா, மூன்றாவது கூட்டத்தில் "வன்னியிலிருந்து ஆர்வம் குறைவு" என்று அறிக்கையில் எழுதுவார்கள். ஆகவே கூட்டம் மாவட்டம் மாறி மாறி நடக்க வேண்டும், மாங்குளம் இடையில் இருக்கிற நல்ல இடம். போக்குவரத்துக் காசை சபை கொடுக்க வேண்டும். சந்தா கட்டாயம், குறைந்த தொகையாவது. சொந்தக் காசு இல்லாத சபைக்கு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வராது. கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் உரத்து வாசிக்க வேண்டும். தலைவர் பதவி இரண்டு வருடம், அதற்கு மேல் இல்லை. நல்ல சங்கங்கள் ஒரே ஆளின் தோளில் ஏறி, அவர் களைத்தபோது சேர்ந்து படுத்துவிட்டதை நாங்கள் நிறையக் கண்டுவிட்டோம்.

கண்காட்சி, பரிசளிப்பு, பொன்னாடை எல்லாம் இருக்கட்டும், அவை தானாக நடக்கும்.

யாப்பு எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியாச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இதை வாசித்தால், உங்கள் ஊரில் கடைசியாகக் கன்று கொடுத்த மாதம் எது, அதில் இன்று உயிரோடு நிற்பது எத்தனை என்ற இரண்டையும் மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். ஆவணிக்குள் ஒரு நாள் மாங்குளத்தில் சந்திப்போம். அந்தக் கணக்கோடு போய், இந்த ஐப்பசிக்கு என்ன கன்று, எத்தனை, எந்தக் கிழமையில் என்று கொடுப்பவர்களிடம் நாங்களே கேட்கலாம்.