கூண்டுக்குள் நிற்பவரின் மனம்

எங்கள் குன்னூர்ப் பக்கத்து மாணவர்களின் கைபேசிகளில் இப்போது கிரிக்கெட்டுக்கு இணையாக ஓடிக்கொண்டிருப்பவை எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளின் துண்டுக் காணொளிகள். உடற்கல்வி ஆசிரியர் என்பதால் அவற்றை என்னிடமும் காட்டுகிறார்கள். எடை பார்க்கும் நாளில் இருவர் நெற்றியோடு நெற்றி முட்டி முறைத்துக்கொள்வார்கள், ஒரே குத்தில் ஒருவர் சாய்வார், வென்றவர் போட்டி நடக்கும் கம்பிவலைக் கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்து கத்துவார். பெரும்பாலும் அவ்வளவுதான். இவற்றையே பார்த்து வளரும் பதினாறு வயதுப் பையன், பயம் அறியாதவனும் அடங்காத கோபக்காரனும்தான் சாம்பியன் ஆகிறான் என்று முடிவு கட்டிவிடுகிறான். அந்த முடிவு முழுக்கத் தவறு என்பதை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் எனக்குப் புரிந்தது இதுதான்: உச்சிக்குப் போனவர்கள் தோற்றுப் பழகியவர்கள். அன்றாடப் பயிற்சியில் தோற்று, தோற்றதை அந்த நொடியிலேயே ஒப்புக்கொண்டு, மறுபடி எழுந்து நிற்பது அவர்களுக்குச் சாப்பாடு, தூக்கம் போல வழக்கமாகிவிட்டது.

இதைப் பயிற்சிக் கூடத்தில்தான் கண்ணால் பார்க்க முடியும். என் அண்ணன் மகள் பயிலும் கூடம் ஒரு கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேட் எனப்படும் பயிற்சி விரிப்பு முழுவதும் ஈரம் பூத்துக் கிடக்கும். பிள்ளைகளே பழைய துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஒருநாள் அவள், தன்னைவிட ஒரு தலை உயரமான பையனின் முதுகுப் பக்கம் போய், முழங்கை மடிப்பு அவன் தொண்டைக்கு நேராக வரும்படி கையைக் கழுத்தைச் சுற்றிக் கொடுத்து, மற்றொரு கையை அவன் பின்னந்தலைக்குப் பின்னால் பூட்டினாள். இந்தப் பிடி மூச்சுக்குழலை நெரிப்பதில்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களை அழுத்துகிறது. சரியாகப் பூட்டினால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். பையன் முகவாயை உள்ளே இழுத்துப் பார்த்தான், அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முகம் சிவந்தது. பிறகு, தோற்றேன் என்பதற்கு அடையாளமாக, அவள் கையில் இரண்டு முறை தட்டினான். தட்டிய கணமே அவள் விட்டுவிட்டாள். இருவரும் கையோடு கை தட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள்.

நாலு பேர் பார்க்க ஒரு பெண்ணிடம் தோற்றேன் என்று ஒப்புக்கொள்வது நம் தெருவில் ஒரு பையனுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விரிப்பின் மேல் அது ஒரு மாலை நேரத்தில் பல முறை நடக்கிறது, யாரும் சிரிப்பதில்லை. தட்ட மறுக்கும் வீம்புக்காரன் கை மூட்டு விலகியோ மயங்கியோ கிடப்பான். அவனுக்கு மறுநாள் பயிற்சி இல்லை. கோபக்காரர்கள் இந்த விளையாட்டில் முன்னேறாததற்கு முதல் காரணம் இந்த எளிய கணக்குதான்.

உலக அளவில் இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர். பள்ளியில் மற்ற பையன்களிடம் அடியும் கேலியும் பட்டு வளர்ந்தவர். பயிற்சிக்குப் பணம் இல்லாமல் குப்பை அள்ளும் வேலையும் பார்த்தவர். 2006 நவம்பரில், முன்னணி எம்எம்ஏ போட்டி அமைப்பான யுஎஃப்சியின் வெல்டர்வெயிட் எடைப்பிரிவு சாம்பியன் பெல்ட்டை வென்றார். 2007 ஏப்ரலில், தனக்கு ஈடுகொடுக்கவே முடியாதவர் என்று எல்லோரும் கருதிய மாட் செராவிடம் முதல் ரவுண்டிலேயே அடிவாங்கி அதை இழந்தார். கவாத்து செய்த தேயிலைச் செடியில் சில மாதம் கொழுந்து வராது. அதற்காக யாரும் செடியைப் பிடுங்கி எறிவதில்லை. அந்த ஆண்டை அவர் அப்படித்தான் கடந்தார். விளையாட்டு உளவியலாளரின் உதவியை நாடினார், சாம்பியன்களோடு மட்டுமல்லாமல் மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று தனித்தனித் துறைக்காரர்களிடம் போய் மாணவனாக நின்றார். 2008 ஏப்ரலில் மாண்ட்ரியலில் அதே செராவை இரண்டாம் ரவுண்டில் வென்றார். அதன்பின் அவர் தோற்கவே இல்லை. தொடர்ந்து ஒன்பது முறை பெல்ட்டைக் காத்தார்.

இத்தனைக்கும், சண்டைக்கு முன்பு தனக்குப் பயமாக இருக்கும் என்றும், அந்தக் காத்திருப்பைத் தான் வெறுப்பதாகவும் அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பயம் இல்லாதவர் என்று நம் பையன்கள் யாரை நினைக்கிறார்களோ அவரே, பயத்தோடுதான் கூண்டுக்குள் போயிருக்கிறார். சாம்பியன்ஷிப் சண்டை ஐந்து நிமிடம் வீதம் ஐந்து ரவுண்டு; இடையில் ஒரு நிமிடம்தான் ஓய்வு. இருபத்தைந்து நிமிடம் கோபத்தில் எரிந்துகொண்டிருக்க எந்த உடலாலும் முடியாது. இரண்டாம் ரவுண்டுக்குள் தோள் கனத்துவிடும், கை தாழ்ந்துவிடும்.

யுஎஃப்சியின் இன்னொரு சாம்பியனான கபீப் நூர்மகமதோவின் வாழ்க்கை இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைப்பகுதியில் பிறந்த அவருக்குத் தந்தை அப்துல்மனாப்தான் பயிற்சியாளர். 29 சண்டை, 29 வெற்றி. 2018 அக்டோபரில் கானர் மெக்ரிகரை நான்காம் ரவுண்டில் பணியவைத்த பிறகு, கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர் மேல் பாய்ந்தார். அதற்காக ஒன்பது மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் பெற்றார். சண்டை நடந்தவரை அவரைக் காத்த நிதானம், சண்டை முடிந்ததும் கைவிட்டுப்போனது. அன்றிரவே அவர் மன்னிப்புக் கேட்டார். அப்பா வீட்டில் சும்மா விடமாட்டார் என்றும் சொன்னார். 2020 ஜூலையில் அந்தத் தந்தை கொரோனா பாதிப்பின் தொடர்ச்சியாக இறந்தார். அக்டோபரில் ஜஸ்டின் கேத்ஜியை இரண்டாம் ரவுண்டில் வென்ற கபீப், விரிப்பிலேயே முகம் புதைத்து அழுதார். தந்தை இல்லாமல் இனிச் சண்டையிட மாட்டேன் என்று தாயிடம் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 32. முறைக்கும் காணொளியை அனுப்பும் மாணவர்களிடம் இந்தக் காட்சியையும் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வாழ்க்கையின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 70 கிலோ பிரிவில் மோதுபவர் பெரும்பாலும் அதைவிடப் பல கிலோ கூடுதலாக இருப்பவர். கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, வெந்நீரிலும் நீராவியிலும் கிடந்து வியர்த்து, எடை பார்க்கும் தராசில் ஏறுகிறார். கபீப்பே 2017 மார்ச்சில் இப்படி எடை குறைக்கும்போது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சண்டை ரத்தானது. 2015 டிசம்பரில் மணிலாவில் போட்டிக்கு வந்திருந்த சீன வீரர் யாங் ஜியான்பிங் எடைக் குறைப்பின்போது சரிந்து, 21 வயதில் இறந்தார். அதன்பிறகுதான் அந்தப் போட்டியை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் நீர்வற்றச் செய்து எடை குறைப்பதைத் தடைசெய்தது. ஒரு பையன் இறந்துதான் இந்த விதி வரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

நம் மலைக்கு வருகிறேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றில் கிடைக்கும் பிராணவாயு சமவெளியைவிடக் குறைவு என்பதால், இங்கு வளரும் உடல் கூடுதல் சிவப்பணுக்களோடு அதற்கு ஈடுகொடுக்கிறது. தாகெஸ்தானைக் காட்டி, மலைப் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே வரும் என்று சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். மலை மட்டும் போதாது. அங்கே மல்யுத்தம் தலைமுறைகளாக ஊரோடு ஊறியது. சிறு வயதிலேயே பிள்ளை பாயில் இறங்குகிறது, திருத்த ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்கிறார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்ளி 2023இல் யுஎஃப்சி ஒப்பந்தம் வென்றதும், உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் 2024 ஜூனில் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனதும் நமக்கு நம்பிக்கை தருபவை. பூஜா அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலை ஆடியவர். நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே ஜூடோ மேட் விரிக்கப்பட வேண்டும் என்று நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் போன மாதம் என்னிடம் வந்து, "சண்டை போடவா சார் புள்ளையப் பெத்தேன்? தலையில அடிபட்டு வந்து கெடந்தா யாரு பாக்குறது?" என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பிற்காலத்தில் பாதிக்கும் என்பதை மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. அதனால், பதினெட்டு வயதுவரை பிடிகளும் வீழ்த்தும் முறைகளும் போதும், தலையில் குத்தும் பயிற்சி வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு என்று அவரிடம் சொன்னேன். ஒரு சாயங்காலம் கூடத்துக்கு நேரில் போய், பிள்ளை தட்டியதும் எதிரில் இருப்பவர் விடுகிறாரா என்று பாருங்கள், எடையைக் குறைக்கச் சொல்வீர்களா என்று மாஸ்டரிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். இவ்விரண்டிலும் திருப்தி இல்லாத கூடத்துக்கு, அதன் சுவரில் எந்தச் சாம்பியனின் படம் மாட்டியிருந்தாலும், என் மாணவர் ஒருவரையும் நான் அனுப்ப மாட்டேன்.