தொட்டியில் புழு இருந்தது

சில நாளாக எங்கே பார்த்தாலும் அந்த வீடியோதான். எந்த வீடியோ என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: டெங்குக் கொசுப்புழு இருக்கிறதா என்று வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த ஒரு பெண் பணியாளரை, வீட்டுக்காரர் ஒருவர் கத்தித் திட்டுகிற வீடியோ. மஞ்சக்குப்பம் என்கிறார்கள், திருப்பாதிரிப்புலியூர் என்கிறார்கள், எந்தத் தெருவாக இருந்தால் என்ன. "அண்ணன் கேட்டார் பாரு கேள்வி" என்று தலைப்பு வைத்து ஷேர் செய்கிறீர்கள். என் நட்புப் பட்டியலில் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் கைதட்டல் எமோஜி போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று. அந்தத் தொட்டியில் புழு இருந்தது. வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர் கத்த ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்தப் பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு கேமரா பக்கம் நீட்டுகிறார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கிண்ணம் அசைந்ததும் சுருண்டு சுருண்டு அடியில் இறங்குகின்றன. கொசுப்புழு. அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. கமெண்ட் பகுதி முழுக்கத் தேடினேன், ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசியதெல்லாம் அந்த வீட்டுக்காரர் கேட்ட கேள்வியைத்தான். "போய் முதல்ல சாக்கடைய அள்ளு, அப்புறம் என் வீட்டுத் தொட்டிக்கு வா." இதற்குத்தான் இத்தனை கைதட்டல்.

சாக்கடையில் வளர்வது வேறு கொசுங்க. கியூலெக்ஸ். ராத்திரியில் கடிப்பது, யானைக்கால் நோயைப் பரப்புவது அது. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. நாம் குளிக்கவும் புழங்கவும் பிடித்து வைக்கிற தெளிந்த தண்ணீர் போதும். சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்குச்சி. பகலில்தான் கடிக்கும். அதிக தூரமும் பறக்காது. உங்கள் பிள்ளையைக் கடித்த ஏடிஸ் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டில் பிறந்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில். சாக்கடையை அள்ளத்தான் வேண்டும், நானும் அதைக் கேட்டு மனு கொடுத்தவள்தான். ஆனால் ஊர்ச் சாக்கடை மொத்தத்தையும் அள்ளி முடித்தாலும் அந்தத் தொட்டியில் இருந்த புழு அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றி முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். அதனால்தான் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேயுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறார்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாராவாரம் வந்து கதவைத் தட்டுவது அதற்குத்தான், உங்களைத் தொந்தரவு செய்ய இல்லை.

பக்கத்தில் புதுச்சேரியில், கொசுவை ஆராய்வதற்கென்றே 1975 முதல் ஒரு மத்திய அரசு மையம் இருக்கிறது. 1980களில் அங்கே யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்தத் தெருத்தெருவாகக் கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடி மூடினார்கள். விஞ்ஞானிகளின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும். ஆனால் குனிந்து மூடியைத் திறந்து பார்த்தது யாரோ ஒரு கூலித் தொழிலாளி. இன்றைக்கு நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது டி.பி.சி. பணியாளர்கள், அதாவது வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள். பெரும்பாலும் பெண்கள். தினக்கூலி. இந்த வேலை அடுத்த மாதம் இருக்குமா என்று அவர்களுக்கே தெரியாது. புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, டார்ச், ஒரு நோட்டு, இதுதான் கையில். புழு இருப்பதைக் கண்டுபிடிக்காவிட்டால் மேலே திட்டு, கண்டுபிடித்துச் சொன்னால் உங்களிடம் திட்டு.

இப்போது கேட்பீர்கள். தண்ணீரே எப்போதாவதுதான் வருகிறது, பிடித்து வைத்ததையும் கொட்டு என்றால் என்ன செய்வது? நியாயமான கேள்வி, என் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் வீடியோவில் அந்தப் பெண் கொட்டச் சொல்லவே இல்லை. "துணியால வடிகட்டி வேற பாத்திரத்துல ஊத்திக்கங்கண்ணா, தொட்டிய மட்டும் தேய்ச்சு மூடி வச்சுடுங்க" என்கிறார். அண்ணா என்கிறார். அதற்குப் பதிலாக வந்த வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன், நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வரலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கூடாதுதான். அடையாள அட்டையைக் கேளுங்கள், வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுங்கள், வேண்டுமானால் பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுங்கள். இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்தது ஒரு ஆண், வந்தது ஒரு பெண். பயப்பட வேண்டியது யார்?

சும்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்றும் சிலர். அப்படியும் சிலர் இருக்கலாம். இந்தப் பெண் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார், அதற்காகத்தானே அவரைப் படம் பிடித்தீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், என் சித்தி. குறிஞ்சிப்பாடி பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு, அந்த ஐயாயிரம் பேரில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று மனப்பாடமாகச் சொல்வார். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பேக் வைத்த நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். ராத்திரி தைலம் தேய்த்துவிடும்போது அந்த வார் பதிந்த தடம் தோளில் தெரியும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுவரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது. பிள்ளைக்கு ஆகாது, பின்னால் குழந்தை பிறக்காது என்று. சித்தி ஒரு பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது நான்கைந்து பேர் உள்ளே நுழைந்து, "முதல்ல உங்க வீட்டுப் புள்ளைக்குப் போடு" என்று கத்தியிருக்கிறார்கள். "என் பேத்திக்கு நேத்தே போட்டாச்சு தம்பி" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதும் ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

அன்று ராத்திரி சித்தி சாப்பிடவில்லை. திட்டு வாங்கியதற்காக இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. அந்த மருந்தைக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியை எறிந்துவிட வேண்டும். கலக்கிய நேரத்தைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதி வைப்பார்கள். "பத்தரைன்னு எழுதி வச்சிருந்தேன்டி. பாதி கூடப் போடல. அத்தனையும் வீணாப் போச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனார். போகாதே என்று சித்தப்பா சொல்லியும் போனார்.

ஃபெஞ்சல் புயலையும் மறந்துவிட்டீர்களா? 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் தண்ணீர். வடிந்த பிறகு வீட்டுக்குள் சேறு. அந்தச் சேற்றில் முதலில் வந்தது யார்? பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு தூய்மைப் பணியாளர்கள். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, குளோரின் இருந்தால் வருகிற மஞ்சள் நிறம் வருகிறதா என்று தெருத்தெருவாகப் பார்த்தவர்கள். என் அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் இருக்கிறார். அம்மாவின் சர்க்கரை மாத்திரை வெள்ளத்தில் போயிருக்கும் என்று அவராகவே நினைத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது என்று அம்மாவுக்குப் பிறகுதான் தெரியும். அம்மா கேட்டதற்கு, "உங்களுக்கு ஒரு நாள் மாத்திரை நின்னாலும் ஏறிடும்மா, வீட்ட அப்புறம் கழுவிக்கலாம்" என்றாராம்.

அப்போது கும்பிட்டோம். ஸ்டேட்டஸ் வைத்தோம். மழை நின்றதும் வா, போ.

அந்த வீடியோவின் கடைசியில் அந்த வீட்டுக்காரர் ஒன்று கேட்கிறார். நிறைய பேர் அதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள். "எந்தத் தெரு நீ?" என்று கேட்கிறார். தொட்டியில் புழு இருக்கிறது என்று சொன்ன பெண்ணிடம் எந்தத் தெரு என்று எதற்குக் கேட்க வேண்டும்? இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், கைதட்டிய ஆசிரியர்களுக்கும் நன்றாகத் தெரியும். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. கிண்ணத்துத் தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதுகிறார். அதோடு வீடியோ முடிகிறது.

அரசாங்கத்தின் மேல் கோபம் இருந்தால் கேளுங்கள். தண்ணீர் ஏன் தினமும் வரவில்லை, சாக்கடை ஏன் அள்ளவில்லை, டெங்கு வேலைக்கு ஏன் இன்னும் தினக்கூலிக்கு ஆள் பிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். கவுன்சிலர் வீடு தெரியும், அலுவலகம் தெரியும், நானும் கூட வருகிறேன். அங்கே கேட்கத் தைரியம் இல்லாமல், திருப்பிப் பேச முடியாத ஒரு பெண்ணிடம் காட்டுவதற்குப் பெயர் தட்டிக்கேட்பது இல்லை.

நான் யாருக்கும் ஜால்ரா அடிக்கவில்லை. எனக்கு இதில் ஒரு பைசா வரவில்லை. சித்தி ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, இந்தப் பதிவு வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார்.

அந்த வீடியோவை ஷேர் செய்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் முகம் அதில் முழுசாகத் தெரிகிறது, நாளைக்கும் அவர் அதே தெருக்களில்தான் கதவு தட்ட வேண்டும். அவர் பெயர் என்ன, எந்த வார்டு என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அழிக்க மனமில்லாதவர்கள் என் நட்புப் பட்டியலிலிருந்து நீங்களாகவே விலகிக்கொள்ளுங்கள்.