முதலில் படங்களை மீட்டுக்கொள்ளுங்கள்

ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் விற்பனையாளர்கள் இடும் பொருள் பட்டியல்களை நிர்வகிக்கும் இலவசச் சேவைகள் கட்டணம் கேட்கத் தொடங்கினால் வேறொரு இலவசச் சேவைக்கு மாறிவிடலாம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மயிலாப்பூரிலிருந்து பரதநாட்டிய நகைகளை ஈபே வழியாக வெளிநாடுகளுக்கு விற்று வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாதக் கட்டணத்தைவிடப் பெரிய சிக்கல், நம் படங்கள் அந்தச் சேவையின் சர்வரில் இருப்பதுதான். 2017இல், இணையத்தில் படங்களைச் சேமித்துவைக்கும் போட்டோபக்கெட் நிறுவனம், பிற தளங்களில் படங்களைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கேட்டபோது, எத்தனையோ விற்பனையாளர்களின் பட்டியல்களில் பொருளின் படம் இருந்த இடத்தில் கட்டண அறிவிப்பு மட்டுமே தெரிந்தது. நெற்றிச்சுட்டியின் கெம்புக் கற்களையும் பின்புறக் கொக்கியையும் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? ஆகவே அத்தகைய சேவையில் உள்ள கணக்கை மூடுவதற்கு முன் எல்லாப் படங்களையும் சொந்தக் கணினியில் இறக்கி, ஈபேயிலேயே நேரடியாக ஏற்றிவிட வேண்டும். என்னைப் போன்ற சிறு விற்பனையாளருக்கு, பட்டியல்களை நிர்வகிக்க ஈபே இலவசமாகத் தரும் செல்லர் ஹப் என்ற கருவியே போதும். நூற்றுக்கணக்கான பொருள்களை வாரந்தோறும் மறுபடி ஏற்றுபவர்கள் மட்டும், பட்டியல் சேவையின் மாதக் கட்டணத்தை விற்பனை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, லாபத்தில் அது கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யலாம். விற்பனையே இல்லாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.