மூலையில் நாலு செகண்ட் எச்சரிக்கை

ஓடிடியில் சூப்பர்ஹீரோ சீரிஸ்தானே என்று சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தது என் தப்புதான். ஆனால் எபிசோட் தொடங்கும்போது போடுகிற அந்த எச்சரிக்கை? திரை மூலையில், எறும்பு சைஸ் எழுத்தில், கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போகிறது. வன்முறை, கெட்ட வார்த்தை, புகைபிடித்தல். அடேயப்பா, புகைபிடித்தலாம்!

2019ல் வந்த 'தி பாய்ஸ்' முதல் எபிசோட். காதலி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் ஒருத்தன். அதிவேக ஹீரோ ஒருவர் குறுக்கே ஓடுகிறார். இவன் பிடியில் மிச்சம் அவளுடைய இரண்டு கைகள் மட்டும். மற்றதெல்லாம் ரத்தச் சாரல். இதுக்குப் பேர் வெறும் 'வன்முறை'யா?

சரி, கார்ட்டூன் பக்கம் போவோம் என்றால் 2021ல் 'இன்வின்சிபிள்'. முதல் எபிசோட் முழுக்க சமர்த்தாக இருந்துவிட்டு, முடிந்தது என்று ரிமோட்டைத் தேடும் நேரத்தில் மண்டையை நசுக்குகிறார்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால்?

கேட்டால், "ரேட்டிங் போட்டிருக்காங்களே, பார்க்கலையா?" எதை வைத்துப் பார்ப்பது, பூதக்கண்ணாடியா? டைட்டில் மியூசிக்கைத் தாண்ட மட்டும் அவ்வளவு பெரிய பட்டன்! யாருக்குப்பா டைட்டில் மியூசிக் கேட்டுத் தூக்கம் போச்சு?